சாப்பாட்டுப் போட்டியில் உயிர் போனால் யார் பொறுப்பு? சட்டம் சொல்வதும் நாம் செய்ய வேண்டியதும்

பாபநாசத்தில் இறங்கி புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை தாமிரபரணிக் கரையில் உணவுக்குக் குறைவில்லை. அல்வா, பரோட்டா சால்னா, கல்யாண வீட்டுப் பிரியாணி என்று நெல்லைச் சீமையின் பெயரே சாப்பாட்டோடு சேர்ந்துதான் வெளியூரில் அறியப்படுகிறது. விருந்தோம்பல் நமது குடும்பங்களின் அடையாளம். அதில் பெருமைப்படலாம், தவறில்லை.

ஆனால் சில வருடங்களாக இந்த உணவுக்குப் பக்கத்தில் இன்னொரு பழக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. புதிய உணவகத் திறப்பு விழா, கல்லூரிக் கலைவிழா, பொங்கல் விளையாட்டு, பெருநாளுக்கு மறுநாள் இளைஞர் சந்திப்பு, யூடியூப் சேனலின் சவால் என்று ஏதாவது ஒரு பெயரில் சாப்பாட்டுப் போட்டி நடக்கிறது. குறிப்பிட்ட நிமிடத்துக்குள் இத்தனை பிளேட் பிரியாணி, இத்தனை பரோட்டா, இத்தனை முட்டை. 2009-ல் வந்த 'வெண்ணிலா கபடி குழு' படத்தின் பரோட்டாக் காட்சியைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. அந்த நகைச்சுவையால் நடிகர் சூரிக்கே 'பரோட்டா சூரி' என்று பெயர் வந்தது. திரையில் சிரிப்போடு முடிவது, நேரில் எப்போதும் அப்படி முடிவதில்லை.

போட்டியில் ஒருவருக்கு மூச்சடைத்தால், மயங்கி விழுந்தால், உயிரே போனால் யார் பொறுப்பு? 'அவராகத்தானே வந்து உட்கார்ந்தார்' என்று நடத்தியவர் கைகழுவ முடியுமா? பலியானவரின் மனைவி மக்களுக்கு என்ன வழி? இதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கிறோம்.

நடந்தவை

நமக்கு மிக அருகில் நடந்தது கேரள மாநிலம் வாளையாறு காவல் எல்லைக்குள். 2024 செப்டம்பர் 14, திருவோணத்துக்கு முந்தைய நாள். பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் ஓணம் விழாவை ஒட்டி உள்ளூரார் இட்லி சாப்பிடும் போட்டி நடத்தினார்கள். ஐம்பது வயதை ஒட்டிய லாரி ஓட்டுநர் ஒருவர் கலந்துகொண்டார். குழம்போ சட்னியோ தொடாமல் விரைவாக விழுங்கிய இட்லி தொண்டையில் சிக்கியது. சுற்றி இருந்தவர்கள் எடுக்க முயன்றார்கள், மருத்துவமனைக்கும் கொண்டு போனார்கள். உயிர் மிஞ்சவில்லை. போலீசார் இயற்கைக்கு மாறான மரணம் என்று வழக்குப் பதிவு செய்தனர்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, 2024 ஆகஸ்ட் இறுதியில், கோவை ரயில் நிலையம் அருகே ரயில் பெட்டி வடிவ உணவகம் ஒன்று பிரியாணிப் போட்டி அறிவித்தது. அரை மணி நேரத்தில் 6 பிரியாணி சாப்பிட்டால் ஒரு லட்ச ரூபாய் பரிசு. பெருங்கூட்டம் திரண்டது. தன் பிள்ளையின் மருத்துவச் செலவுக்காகவே வந்து உட்கார்ந்ததாக ஒரு தகப்பன் சொன்ன செய்தி பலரையும் உருக்கியது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஆனாலும் உரிய அனுமதியின்றிக் கூட்டம் கூட்டியதற்காக உணவக நிர்வாகத்தின் மீது வழக்குப் பதிவானது.

அமைப்பாளரே இல்லாத பந்தயங்களும் உண்டு. 2019 நவம்பரில் உத்தரப் பிரதேசம் ஜான்பூர் மாவட்டத்தில், 50 முட்டை சாப்பிட்டால் 2,000 ரூபாய் என்று நண்பர்களுக்குள் பந்தயம். 41 முட்டை சாப்பிட்டவர், அடுத்ததை எடுத்தபோது சுருண்டு விழுந்து பிறகு இறந்துபோனார். 2025 ஏப்ரலில் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் தண்ணீர் கலக்காமல் 5 பாட்டில் மது குடித்தால் 10,000 ரூபாய் என்ற பந்தயத்தில் 21 வயது இளைஞர் இறந்தார். அங்கே போலீசார் பந்தயத்தில் தொடர்புடையவர்கள் மீது வழக்குப் பதிந்து இருவரைக் கைது செய்தார்கள். மது நமக்கு ஹராம் என்பது வேறு விஷயம். 'நான் பந்தயம்தானே கட்டினேன்' என்று சொல்லி ஒருவர் தப்பிவிட முடியாது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

வெளிநாட்டிலும் ஒரு முக்கியமான தீர்ப்பு உண்டு. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் ஒரு வானொலி நிலையம், சிறுநீர் கழிக்காமல் அதிகத் தண்ணீர் குடிப்பவருக்கு வீடியோ கேம் கருவி பரிசு என்று போட்டி வைத்தது. மூன்று குழந்தைகளின் தாயான 28 வயதுப் பெண் வீடு திரும்பிய பின் இறந்துபோனார். அளவு மீறிய தண்ணீரால் ரத்தத்தில் உப்புச்சத்து சரிந்துவிட்டது. நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே, இது உயிருக்கு ஆபத்து என்று நேயர்கள் தொலைபேசியில் எச்சரித்தார்கள். அறிவிப்பாளர்கள் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டார்கள். அரசுத் தரப்பு குற்ற வழக்கு தொடரவில்லை. ஆனால் 2009 அக்டோபரில் உரிமையியல் வழக்கில் ஜூரிகள் அந்த நிலையத்தின் கவனக்குறைவை உறுதிசெய்து, குடும்பத்துக்கு 1.65 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார்கள். அந்தப் பெண் மீது எந்தப் பங்கும் சுமத்தப்படவில்லை. விரும்பிக் கலந்துகொண்டவர் என்றாலும், ஆபத்து இன்னதென்று அவருக்குச் சொல்லப்படவில்லை அல்லவா?

உடலுக்கு என்ன ஆகிறது?

பொறுப்பைப் புரிந்துகொள்ள ஆபத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். உணவுக் குழாயும் மூச்சுக் குழாயும் தொண்டையில் அடுத்தடுத்து இருக்கின்றன. விழுங்கும் நொடியில் மூச்சுக் குழாயை ஒரு மூடி அடைத்துக்கொள்கிறது. அவசரமாக விழுங்கும்போதும், சிரிக்கும்போதும், பேசும்போதும் அந்த ஒழுங்கு தவறுகிறது. இட்லி, அவித்த முட்டை, பரோட்டா போன்றவை எச்சிலில் கட்டியாகி அப்படியே அடைத்துக்கொள்ளும். மூச்சு முழுவதும் அடைபட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை காத்திருக்க அவகாசமில்லை என்பதால்தான் அருகில் இருப்பவரின் முதலுதவி முக்கியமாகிறது.

இரண்டாவது ஆபத்து, நிரம்பிய வயிற்றிலிருந்து வாந்தி எழுந்து நுரையீரலுக்குள் போவது. மூன்றாவது, சர்க்கரை, இதய நோய், குடற்புண் உள்ளவர்களுக்கு ஒரே நேரத்தில் ஏறும் பாரம். பல்செட் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும், சிறு பிள்ளைகளுக்கும் அடைப்பு அபாயம் கூடுதல்.

குற்றவியல் சட்டம் என்ன சொல்கிறது?

ஜல்லிக்கட்டு நடத்தத் தமிழ்நாட்டில் 2017 முதல் தனி விதிமுறைகள் இருக்கின்றன. சாப்பாட்டுப் போட்டிக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. தனிச் சட்டம் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று எண்ணக் கூடாது. பொதுவான சட்டங்களே பொருந்தும்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 106(1) பிரிவு, அஜாக்கிரதையான அல்லது கவனக்குறைவான செயலால் மரணம் விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. பழைய 304-ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை. இப்போது அது 5 ஆண்டு வரை. உயிர் போகாமல் பிழைத்துக்கொண்டாலும் 125-ஆம் பிரிவு இருக்கிறது. பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் செயலுக்கு 3 மாதம் வரையும், அதனால் காயம் ஏற்பட்டால் 6 மாதம் வரையும், கொடுங்காயம் ஏற்பட்டால் 3 ஆண்டு வரையும் சிறை விதிக்கலாம்.

அதற்காக மரணம் நடந்தாலே நடத்தியவர் குற்றவாளி என்று ஆகிவிடாது. குர்பான் ஹுசைன் வழக்கில் (1965) உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவரின் கவனக்குறைவே மரணத்துக்கு நேரடியான, நெருங்கிய காரணமாக இருக்க வேண்டும் என்றது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005), சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டுக்குப் போதும், ஆனால் தண்டனைக்கு அது மிகக் கடுமையான கவனக்குறைவாக இருக்க வேண்டும் என்று வேறுபடுத்தியது. ஆகவே நீதிமன்றம் கேட்கும் கேள்விகள் இப்படி இருக்கும்: முதலுதவி தெரிந்தவர் இருந்தாரா? நேர வரம்பு வைத்து அவசரப்படுத்தினார்களா? திணறிய பிறகும் 'சாப்பிடு, சாப்பிடு' என்று கூட்டம் தூண்டியதை அனுமதித்தார்களா? நோயாளி என்று தெரிந்தும் உட்கார வைத்தார்களா? உதவி அழைப்பதில் தாமதம் நேர்ந்ததா?

'அவர் சம்மதித்துத்தான் வந்தார்'

இதுதான் நடத்துபவர்களின் முதல் பதில். பாதி உண்மை இதில் இருக்கிறது. 18 வயது நிறைந்தவர் சம்மதித்த செயலால் விளையும் தீங்கு குற்றமல்ல என்று நியாய சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. சிலம்பம், குத்துச்சண்டை போன்ற விளையாட்டுகள் இதன் நிழலில்தான் நடக்கின்றன. ஆனால் அதற்கு எல்லை உண்டு. மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கம் இருக்கக் கூடாது. அப்படி நேர வாய்ப்பிருப்பது செய்பவருக்குத் தெரிந்தும் இருக்கக் கூடாது. 28-ஆம் பிரிவின்படி, தவறான எண்ணத்தில் கொடுத்த சம்மதமும், போதையால் தன்மை உணராதவரின் சம்மதமும், எதிராளிக்கு அது தெரிந்திருந்தால் சம்மதமே அல்ல.

உரிமையியல் சட்டத்திலும், தெரிந்தே ஏற்றுக்கொண்ட அபாயத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது என்ற கோட்பாடு உண்டு. ஆனால் வயிறு வலிக்கலாம், வாந்தி வரலாம் என்பதுதான் போட்டியாளர் ஏற்கும் அபாயம். மூச்சடைத்தால் முதுகில் தட்டக்கூட ஆள் இருக்காது என்பதை அவர் ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது. விளையாட்டின் இயல்பான அபாயம் வேறு, நடத்துபவரின் கவனக்குறைவு வேறு.

கையெழுத்து வாங்கிய தாள்

'எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தத் தாள் போட்டியாளருக்கு அபாயம் சொல்லப்பட்டது என்பதற்கு ஓரளவு சான்றாகலாம். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

குற்றம் என்பது அரசுக்கு எதிரானது. தனியார் இருவர் தாளில் எழுதி அதை இல்லாமல் ஆக்க முடியாது. பொதுக் கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. தன் கவனக்குறைவால் பிறர் உயிர் போனாலும் தனக்குக் கேள்வி இல்லை என்ற நிபந்தனையை இதைக் கொண்டு எதிர்க்கலாம். 18 வயது நிரம்பாதவர் போட்ட கையெழுத்துக்கு மதிப்பே இல்லை. மைனரின் ஒப்பந்தம் ஆரம்பம் முதலே செல்லாதது என்று 1903-லேயே மோஹரி பீபி வழக்கில் முடிவாகிவிட்டது.

யார் யார் பொறுப்பு?

போட்டியை அறிவித்து நடத்துபவரே முதல் பொறுப்பாளி. உணவகம் என்றால் அதன் உரிமையாளர். நிறுவனம் என்றால் நிறுவனமும், நேரில் நின்று நடத்திய மேலாளரும். பதிவு செய்யப்படாத நண்பர்கள் குழு, தெருக் குழு, இளைஞர் மன்றம் நடத்தினால் சட்டத்தின் கண்ணில் 'குழு' என்று ஒன்று தனியாக இல்லை. முன்னின்று நடத்தியவர்கள் தனித்தனியாகவும் கூட்டாகவும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பேனரில் பெயரும் படமும் போட்டுக்கொள்ளும் தம்பிமார்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

'சமையலும் ஏற்பாடும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு' என்று சொல்லித் தப்பலாமா? மீரட் நகரில் 2006 ஏப்ரலில் ஒரு நுகர்வோர் கண்காட்சியில் தீப்பிடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமைப்பாளர்கள் பழியை ஒப்பந்தக்காரர் மீது போட்டார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அழைத்தவர்களே வந்தவர்களின் பாதுகாப்புக்குக் கடமைப்பட்டவர்கள் என்ற அடிப்படையில், இழப்பீட்டுப் பொறுப்பை அமைப்பாளர்களுக்கு 60 பங்கும், மேற்பார்வையில் தவறிய அரசுக்கு 40 பங்கும் என்று பிரித்தது. அது சாப்பாட்டுப் போட்டி அல்லதான். ஆனால் மக்களை அழைத்து நிகழ்ச்சி நடத்தும் எவருக்கும் அந்தத் தீர்ப்பில் பாடம் இருக்கிறது.

மண்டபமோ ஷாதி மஹாலோ வாடகைக்கு விட்ட நிர்வாகம், இன்ன போட்டி நடக்கிறது என்று அறிந்தே இடம் கொடுத்திருந்தால் அதுவும் கேள்விக்கு உள்ளாகலாம். விளம்பரதாரர், சேனல் நடத்துபவர் ஆகியோரின் பொறுப்பு, போட்டியின் விதிகளை வகுப்பதிலும் தூண்டுவதிலும் அவர்களுக்கு இருந்த பங்கைப் பொறுத்தது. பள்ளி, கல்லூரி என்றால் கடமை இன்னும் கூடுதல். பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தெரிந்தே அவர்களைத் தேவையற்ற துன்பத்துக்கு உள்ளாக்கினால் இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 75-ஆம் பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு.

இழப்பீடு கேட்கும் வழிகள்

முதலாவது, உரிமையியல் நீதிமன்றம். 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டப்படி, இறந்தவரின் மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக வழக்குத் தொடரலாம். இந்தப் பட்டியலில் சகோதரர்கள் இல்லை. இந்த இழப்பீடு மீராஸ் பங்கீடு போன்றதல்ல. அவரவர் இழப்பைப் பார்த்து நீதிமன்றமே பங்கைக் குறிக்கும். மரணம் நடந்த 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். போட்டியாளர் மீதும் பிழை இருந்தால், உதாரணமாகத் தன் நோயை மறைத்திருந்தால், அந்த அளவுக்குத் தொகை குறையும்.

இரண்டாவது, நுகர்வோர் ஆணையம். நுழைவுக் கட்டணம் செலுத்தியவரும், சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தவரும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோராக வாதாட இடமுண்டு. முற்றிலும் இலவசமாக நடந்த போட்டிக்கு இந்த வழி கடினம். புகாரை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் கொடுக்கலாம். சென்னை, கோவையில் நடந்திருந்தாலும் மேலப்பாளையத்தில் வசிப்பவர் திருநெல்வேலியிலேயே தாக்கல் செய்யலாம். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மூன்றாவது, உணவே கெட்டுப்போயிருந்தால் அல்லது கலப்படமாயிருந்தால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006. அதன் 65-ஆம் பிரிவு, மரணத்துக்குக் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு ஒரு லட்சம் வரை இழப்பீடு வழங்க வகைசெய்கிறது. போட்டிக்காக முந்திய நாளே சமைத்துக் குவித்த இறைச்சி உணவுக்கு இது மிகவும் பொருந்தும். நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி இறந்தபோது உணவக உரிமையாளர் கைதானதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பந்தயப் பணத்தை மட்டும் எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது.

ஊர்ப் பேச்சும் சட்டமும்

நமது மஹல்லாக்களில் இப்படி ஒன்று நடந்தால் ஜமாஅத் உட்கார்ந்து பேசி, ஒரு தொகை வாங்கிக் கொடுத்து முடித்துவைப்பதுண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் கவனக்குறைவால் மரணம் என்பது இரு தரப்பும் சமாதானமாகி முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லை. ஊரில் பேசி முடித்தாலும் போலீஸ் வழக்கு தானாக மறைந்துவிடாது. வழக்கைத் திரும்பப் பெற வற்புறுத்திக் கைம்பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது, உதவி செய்யப் போனவர்களையும் சிக்கலில் மாட்டிவிடும். உதவித் தொகை கொடுப்பதென்றால் நிபந்தனையின்றி, ரசீதுடன் கொடுக்கட்டும்.

இன்னொரு விஷயம் மனம் நோகக்கூடியது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். மய்யித்தைச் சீக்கிரம் அடக்க வேண்டும் என்ற கடமை உணர்வில், 'எங்களுக்குச் சந்தேகம் இல்லை' என்று எழுதிக் கொடுத்து உடலை வாங்கிவிடுகிறார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவுப்படி இயற்கைக்கு மாறான மரணத்தைப் போலீசார் விசாரிக்க வேண்டும். மரணத்தின் காரணத்தில் ஐயம் இருந்தால் பிரேத பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கை இல்லாவிட்டால் மாரடைப்பா, மூச்சடைப்பா, விஷ உணவா என்று பிறகு எவராலும் நிரூபிக்க முடியாது. அநாதையாகிவிட்ட பிள்ளைகளின் இழப்பீடு அந்த ஒரு தாளில்தான் நிற்கிறது. பரிசோதனையைத் தவிர்க்கப் பாடுபடுவதைவிட, விரைவாக முடித்துத் தரும்படி காவல் அதிகாரியிடமும் மருத்துவமனை நிர்வாகத்திடமும் ஜமாஅத் பொறுப்பாளர்கள் நேரில் கேட்பதே குடும்பத்துக்குச் செய்யும் உண்மையான உதவி.

மார்க்கத்தின் பார்வை

உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தை அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனத்தில் காண்கிறோம். வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்ற நபிமொழிக் கருத்து திர்மிதியில் உள்ளது. மூச்சுக்கு இடம் விடச் சொன்ன மார்க்கத்தில், மூச்சு முட்டச் சாப்பிடுவதைப் பரிசுக்குரிய செயலாக்குவது பொருந்துமா என்று நாமே கேட்டுக்கொள்ளலாம். போட்டியாளர்கள் ஆளுக்கொரு தொகை போட்டு, வென்றவர் மொத்தத்தையும் எடுப்பது சூதாட்டத்தின் வடிவம் என்பது உலமாக்களின் நிலைப்பாடு. தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்ற அல்பகரா 195-ஆம் வசனத்தின் எச்சரிக்கையும் நம்முன் இருக்கிறது.

நடத்தியே தீருவோம் என்பவர்களுக்கு

எங்கள் ஆலோசனை, வேண்டாம் என்பதே. சமையல் போட்டி வையுங்கள், ருசி பார்த்துப் பெயர் சொல்லும் போட்டி வையுங்கள். ஏழை வீடுகளுக்கு அதே பிரியாணியைப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள், விளம்பரமும் கிடைக்கும், துஆவும் கிடைக்கும். அதையும் மீறி நடத்துவோர் குறைந்தபட்சம் இவற்றைச் செய்ய வேண்டும்:

1. காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெறுவது. நெல்லை மாநகருக்குள் என்றால் மாநகரக் காவல் துறை, வெளியே என்றால் மாவட்டக் காவல் துறை.

2. 18 வயதுக்குக் குறைந்தவர்களை, அவர்களின் பெற்றோர் சம்மதித்தாலும், சேர்க்காதிருப்பது.

3. சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, விழுங்குவதில் சிரமம், கர்ப்பம் உள்ளதா என்று கேட்டு, இருந்தால் மறுப்பது.

4. நேரத்தைக் குறைத்து அவசரப்படுத்தும் விதியை நீக்குவது. உலர்ந்த உணவைத் தனியாக விழுங்கச் சொல்லாதிருப்பது.

5. அடைப்பை எடுக்கப் பயிற்சி பெற்றவரைப் போட்டி மேசைக்குப் பக்கத்திலேயே நிறுத்துவது. வாகனம் வெளியேற வழி விட்டு வைப்பது.

6. ஆபத்து என்னவென்று தமிழில், வாயால், அனைவர் முன்னும் சொல்வது.

7. ஒருவர் இருமினாலோ திணறினாலோ உடனே நிறுத்தும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுப்பது.

மூச்சடைத்தால் என்ன செய்வது?

இருமவும் பேசவும் முடிந்தால் இருமவிடுங்கள். தண்ணீர் கொடுத்துத் தள்ள முயலாதீர்கள். பேச முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் அவரை முன்னால் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். அடைப்பு வெளியேறாவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையை முஷ்டியாக வைத்து, மறு கையால் அதைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு போகும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யவும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அல்ல, நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முறையே வேறு, அதைப் பயிற்சியில் கற்றுக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவி எடுக்க முயன்றால் அது இன்னும் உள்ளே போகும். மயங்கி மூச்சு நின்றுவிட்டால் நெஞ்சழுத்த முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். இதை மதரஸாவிலும் பள்ளியிலும் ஒரு நாள் பயிற்சியாக வைத்தால், போட்டி இல்லாத வீட்டிலும் ஓர் உயிரைக் காக்கும்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் குடும்பத்தார் செய்ய வேண்டியவை

காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுங்கள். மருத்துவமனைச் சீட்டு, பிரேத பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். போட்டியின் நோட்டீஸ், பேனர் படம், வாட்ஸ்அப் அழைப்பு, நுழைவுச் சீட்டு, பார்வையாளர்கள் எடுத்த வீடியோ எல்லாம் சாட்சியம். அவை அழிக்கப்படும் முன் வாங்கிவிடுங்கள். உணவில் சந்தேகம் இருந்தால் மீதி உணவு கொட்டப்படும் முன் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவியுங்கள். இறந்தவரின் வங்கிக் கணக்கில் பிரதமர் ஜீவன் ஜோதித் திட்டம் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அதன் 2 லட்ச ரூபாய்க்குப் போட்டி நடத்தியவரின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இங்கே நாம் தந்திருப்பது பொதுவான விளக்கமே. ஒவ்வொரு வழக்கின் விவரமும் மாறும் என்பதால் முதல் வாரத்திலேயே வழக்கறிஞரிடம் கலந்துகொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளைகள் போட்டிக்குப் போகிறேன் என்றால் எங்கே, யார் நடத்துகிறார்கள், அங்கே முதலுதவிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல முடியாத போட்டிக்கு அனுப்பாதீர்கள். பரிசுத் தொகையை வீட்டின் கஷ்டத்துக்காக நம்பி ஒரு தகப்பன் அந்த மேசையில் போய் உட்காரும் நிலை நமது மஹல்லாவில் இருந்தால், அவர் வீட்டுக் கதவைத் தட்டி விசாரிக்க வேண்டியது பைத்துல்மாலின் வேலை. அவர் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே அது நடக்க வேண்டும்.